ஓட்டை மேல் ஒட்டிய டேப்

டீச்சரம்மா,

உன் புத்தகம் போகவில்லை. நூற்றிருபது பக்கமும் அந்த பிளாப்பியிலேயே பத்திரமாக இருக்கிறது. காலையில் நீ தூங்கும்போது என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். நிறையப் பிடிக்கும் என்று பீற்றிக்கொண்டு 1.44 எம்.பி. பிளாப்பி வாங்கித் தந்தவன் நான். போன வாரம் புகைந்துபோன உன் பழைய கம்ப்யூட்டருக்கு அதில் பாதிதான், 720 கே.பி.தான், எழுதத் தெரியும். பிளாப்பியின் மூலையில் இருக்கும் ஓட்டையை அது சட்டை செய்யாது. என்னுடையதோ ஓட்டையைப் பார்த்ததும் 1.44 என்று முடிவுகட்டி, ஒன்றும் புரியாமல், "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. ஓட்டை மேல் டேப் ஒட்டினேன், சமர்த்தாகப் படித்துவிட்டது.

ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனுக்கு இது நேற்றே உறைத்திருக்க வேண்டும். "ஒழுங்கா சேவ் பண்ணக்கூடத் தெரியாதா?" என்று உன்னிடம் கத்தத்தான் தெரிந்தது. நல்லவேளை, எல்லாவற்றையும் அழித்துவிடும் அந்த ஃபார்மேட்டுக்குச் சரி கொடுக்கப் போன என் கையைப் பிடித்து இழுத்தாய்.

பிளாப்பியை வாங்கிப்போக அச்சகத்துக்காரர் பதினோரு மணிக்கு வருவார். டேப்பைப் பிய்த்துவிட வேண்டாம் என்று சொல்.

நேற்று நீ சாப்பிடவே இல்லை. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரி மேல். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவேன்.

பி.கு.: முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருப்பதையும் படித்தேன். நேற்றுச் சண்டையில் "முதல் வேலையா உங்க பேரைத் தூக்கிடறேன்" என்றாயே, இதைத்தானா?

இன்னொன்று: பிளாப்பியின் அடுத்த மூலையில் இருக்கும் தாழைத் தள்ளி வைத்துவிட்டேன். இனி அதைப் படிக்க மட்டுந்தான் முடியும். ஒரு வரியைக்கூட அழிக்க முடியாது.