சத்தமில்லாத கப்பலுக்கு நான் ராவின வளையங்கள்

1991 ஒக்டோபர் 6, ஞாயிறு

நேற்று மார்க்கம் நகரில் தில்லையம்பலம் வீட்டில் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. என் மனுசி யோகமலரின் தமையன். பெரிய வீடு, இரண்டு கார், என்னைக் கண்டால் எப்போதும் ஒரே கேள்வி. சாப்பாட்டுக்கு எல்லோரும் இருக்கும்போது, "நவம், இப்ப எங்கை வேலை?" என்றார். போன வருடம் இதே கேள்விக்கு "கோப்பை கழுவுறன்" என்று சொல்ல, முழுப்பேரும் தங்கள் தங்கள் சோற்றைக் குனிந்து பார்த்தார்கள். இந்த முறை வாய் சும்மா இருக்கவில்லை. "அமெரிக்கன்ரை அணு நீர்மூழ்கிக்குச் சாமான் செய்யிறம், மச்சான்."

பொய் இல்லை. எங்கள் ஸ்காபரோப் பட்டறையில் மெசினில் பம்புக்கு வளையம் கடைகிறார்கள். அது அந்தக் கப்பலுக்குத்தான் என்கிறார்கள். விளிம்பில் நிற்கிற பிசிறை நான் அரத்தால் ராவுகிறேன். அவ்வளவுதான். ஆனால் பாயாசம் இரண்டாம் தரம் தில்லையம்பலமே கொண்டுவந்து ஊற்றினார்.

ஒக்டோபர் 10, வியாழன்

மகள் கஜனி லைப்ரரியில் புத்தகம் எடுத்து வந்திருக்கிறாள். ஏழாம் வகுப்புப் புரொஜெக்ற்: அப்பாவின் நீர்மூழ்கி. பெயர் சீவூல்ஃப். ரஷ்யாக்காரனின் நீர்மூழ்கிக்குப் பின்னால், அவனுக்குத் தெரியாமல் திரிகிறதுக்கென்றே வரைந்ததாம். அணு உலை உள்ளுக்குள் இருப்பதால் மூச்செடுக்க மேலே வரத் தேவையில்லை. எல்லாத்திலும் பெரிய விசயம் சத்தம். பம்பு, மோட்டர் ஒன்றும் வெளியில் கேட்கக்கூடாது.

"பிசிறு இருந்தால் என்னப்பா நடக்கும்?"

"தண்ணி உரசிச் சத்தம் போடும். ரஷ்யாக்காரன் நித்திரையால எழும்பிவிடுவான்."

சிரித்தாள். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் என்னோடு ஒட்டி இருந்து படித்தது இதுதான் முதல் தரம். அதைக் கெடுக்க மனமில்லை. பட்டறையில் வரைபடங்கள் பூட்டின அறைக்குள் இருக்கும், என்னை அந்தப் பக்கம் விடமாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

ஒக்டோபர் 19, சனி

தமிழ்க் கடை வாசலில் கிடக்கும் இலவசப் பத்திரிகையில் என் முகம்! கலியாண வீட்டுப் படம், மீசை முழுசாய் இருந்த காலம். 'அமெரிக்க அணு நீர்மூழ்கியை வடிவமைக்கும் எமது மைத்துனர், பொறியியலாளர் நவரட்ணம் அவர்களை வாழ்த்துகிறோம். தில்லையம்பலம் குடும்பம், மார்க்கம்.' அவருடைய பெயர் என்னுடையதிலும் பெரிய எழுத்தில்.

போன் எடுத்துக் கத்தினேன். வாழ்த்து என்றால் கொஞ்சம் கூட்டித்தான் போடுவது என்றார். யோகமலர் அதை வெட்டிப் பிறிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். கஜனி இன்னொன்றை வெட்டிப் புரொஜெக்ற்றின் முன்பக்கத்தில் ஒட்டிவிட்டாள்.

நவம்பர் 2, சனி

பத்திரிகையைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஊர்ச் சண்டைக்கு இங்கே காசு சேர்க்கிற இயக்கப் பெடியள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார்கள். நல்ல மரியாதை. கடலில் நேவிக்காரனிடம் எங்கட சனம் படுகிற பாட்டைச் சொன்னார்கள். பிறகு, அந்த நீர்மூழ்கியின் வரைபடம் ஒன்று வேண்டுமாம்.

நான் பிசிறு ராவுகிறவன் என்றேன். மூத்தவன் சிரித்தான். "பெரிய ஆக்கள் இப்பிடித்தான் அண்ணை, அடக்கமாய்க் கதைப்பினம்." அடுத்த சனி வருகிறார்களாம்.

என்னைப் பெரிய ஆள் என்று ஒருத்தன் சொல்ல இத்தனை வருடம் எடுத்தது. அதுவும் இவன்.

நவம்பர் 5

சிற்றிசன்சிப் இன்னும் கிடைக்கவில்லை. இது பட்டறைக்குத் தெரிந்தால்? பொலிசுக்குத் தெரிந்தால்? குடும்பத்தோடு ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்களோ? யோகமலர் பிறிட்ஜில் இருந்ததைக் கிழித்தாள். கஜனி தன்னுடையதைத் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

நவம்பர் 9, சனி

வந்திட்டாங்கள். கஜனி மேசையில இருந்து பசை பூசிக்கொண்டு இருந்தாள். உள்ளுக்குப் போ பிள்ளை எண்டன். போகேல்லை. அப்பா எஞ்சினியர்தானே, என்ன பயம் எண்டு நினைச்சிருப்பாள்.

அரத்தையும் கிழிஞ்ச கையுறையையும் அவங்களுக்கு முன்னால வைச்சன். அரம் வெட்டின விரலைக் காட்டினன். கணக்கிலை மூண்டு தரம் பெயில் விட்டவன், வரைபடம் தந்தாலும் தலைகீழாய்ப் பிடிப்பன் எண்டன். அந்த அறையைக் கூட்டக்கூட என்னை விடமாட்டாங்கள், தம்பி எண்டன். எல்லாம் அவளுக்கு முன்னால.

மூத்தவன் என்ரை விரலைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தான். தானும் பக்ரறியிலதான் நிக்கிறவன் போல. நம்பிட்டான். "உவர் தில்லையம்பலத்தார்தான் எங்களைப் பேக்காட்டி ஏமாத்தினவர்" எண்டான். தங்கட இயக்கக் கலண்டர் ஒண்டை எனக்கு வித்திட்டுப் போனாங்கள்.

பிழைச்சம். என்ரை சீவியத்திலை இவ்வளவு திறமாய் ஒரு சோதினையும் பாஸ் பண்ணினதில்லை.

கஜனி புரொஜெக்ற்றை எடுத்தாள். முன்பக்கத்திலை இருந்த என்ரை படத்தை நகத்தால சுரண்டி எடுத்தாள். மீசைதான் கடைசியாய்ப் போனது.

நவம்பர் 22

புரொஜெக்ற்றுக்கு ஏ. பாராட்டினேன். "தாங்ஸ்" என்றாள், விருந்தாளிக்குச் சொல்வதுபோல.

1992 ஜனவரி 29, புதன்

சோவியத் கலைந்து ஒரு மாதம். சீவூல்ஃப் ஒன்றோடு போதும் என்று அமெரிக்க சனாதிபதி நேற்று ரீவியில் சொல்லிவிட்டார். எதிரியைக் காணாத கப்பலை வைத்து என்ன செய்வது? இன்று பட்டறைப் போமன் எங்களைக் கூப்பிட்டு, இனி வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கோ என்றான். அரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தில்லையம்பலம் போன் எடுத்தார். "ரஷ்யாவையே கவிட்டுப்போட்டு வீட்டிலை இருக்கிறியள் போல, மச்சான்."

1995 யூன் 25

சீவூல்ஃபை நேற்றுத் தண்ணியில் விட்டார்களாம். நான் கார் பார்க்கில் ரிக்கற் கிழித்துக்கொண்டு நின்றேன்.

1997 யூலை 20, ஞாயிறு

செய்தி முடிகிற நேரம், அரை நிமிடம். சீவூல்ஃப் நேற்றுச் சேவையில் சேர்ந்ததாம். இருபத்தொன்பது கட்ட நினைத்தவர்கள், பிறகு ஒன்று போதும் என்று சொல்லி, கடைசியில் மூன்றோடு நிற்பாட்டிவிட்டார்கள். இவ்வளவு சத்தம் குறைந்த நீர்மூழ்கி முன்னம் கட்டினதில்லையாம். கறுத்த முதுகு மட்டும் தெரிந்தது. நான் ராவின வளையம் உள்ளுக்குள் எங்கேயாவது இருக்கோ, கழித்துப் போட்டாங்களோ? யாரைக் கேட்கிறது?

கஜனியைக் கூப்பிட்டேன். செப்ரெம்பரில் யூனிவேர்சிற்றி போகிறாள். எஞ்சினியரிங். போனைக் காதில் வைத்தபடி வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"அப்பா, சத்தத்தைக் குறையுங்கோ."

பிறகு போனுக்கு இங்கிலீசில் சொன்னாள்: ஒண்டுமில்லை, அப்பா ஏதோ கப்பல் பாக்கிறார்.

குறைத்தேன். முழுக்கக் குறைத்தேன். கப்பல் போய், சவர்க்கார விளம்பரம் வந்தது. அதையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.