ஓடைக்கு இந்தப் பக்கம்

பனிமூட்டம் இறங்க ஆரம்பித்துவிட்டதென்று நேற்றுக் காலையில் பெட்டியைத் திறந்து பழைய ஸ்வெட்டரை எடுத்தேன். பையில் ஏதோ கனத்தது. கையை விட்டுப் பார்த்தால், ஆள் எண்ணுகிற அந்த மெஷின். உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்புச் சனியன். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் ஒரு எண் ஏறும். நான்கு பூஜ்யங்களோடு நிற்கிறது. நீ கடைசியாகப் பார்த்தபோதும் அப்படித்தான் நின்றது.

போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுதும்போது சாந்தி, அமைதி என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அது வரவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு சேதிதான் இருந்தது. அந்த ஆளை நான் விடவில்லை. அவனுக்குத் தெரிந்த காகிதத்தை வைத்தே அவனை அடித்தேன். அதை நினைக்கும்போது இன்றைக்கும் நாக்கில் கருப்பட்டி கரைகிறது.

மலையில் பள்ளங்கி கிராமத்துக்கு மேலே அந்தக் கம்பெனி வளாகம் எழும்பிய வருஷம் உனக்கு அங்கே தோட்டத்தில் வேலை, எனக்கு வரைபட மேசையில் வேலை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மறுபடி ஒரே கேன்டீனில் உட்கார்ந்தோம். கட்டடங்கள் முடிந்துவிட்டன. பஸ் எங்கே திரும்புவது, கார்கள் எந்த வழியாக வருவது, கேட் எங்கே, நடைபாதை எங்கே என்று தீர்மானித்துச் சுற்றிலும் வேலி போடுவதுதான் பாக்கி. யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று மூன்று நாள் எண்ணிவிட்டு வரச்சொன்னார் திட்ட மேலாளர். உன் ஊரிலிருந்து ஓடையைத் தாண்டி வளாகத்தின் நடுவே பஸ் நிறுத்தத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் என்னை உட்காரவைத்தார்.

அது வைகாசி. உன் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிய வாரம். காப்புக் கட்டிவிட்டால் எட்டாம் நாள் அதை அவிழ்க்கிறவரைக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் எல்லையைத் தாண்டமாட்டீர்கள். எல்லை அந்த ஓடைதான். பஜாரில் எங்கள் அத்தாவின் கம்பளிக் கடைக்கு உங்கள் ஆட்கள் அந்த வாரம் வருவதில்லை என்று சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு நீ அக்கரைப் பாறையில் வந்து உட்கார்ந்தாய்.

"ஏலே, வெள்ளனே வந்து இங்க என்னடா பண்ற?"

"ஆள் எண்ணுறேன்."

"ஊரே காப்புக் கட்டி உள்ள கெடக்கு. யாரை எண்ணுவ, காக்காயவா?"

"நீ இந்தப் பக்கம் வா, ஒண்ணு போட்டுக்கிறேன்."

"அம்மா கண்ணக் குத்திரும்டா. நல்ல சோலிதாம்லே உனக்கு, ஒக்காந்தே முடியுது."

அவித்த உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக வீசினாய். ஒன்று தண்ணீரில் விழுந்தது, மற்றதையெல்லாம் பிடித்துவிட்டேன். மூன்று நாளும் அப்படியே சிரித்துக்கொண்டே போனது. இந்த எண்ணிக்கையை எதற்குக் கேட்கிறார்கள் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தாளில் மூன்று நாளுக்கும் பூஜ்யம் போட்டேன். ஆனால் கீழே குறிப்பு எழுதினேன், அதை மறந்துவிடாதே. "திருவிழா வாரம். ஊரார் ஓடையைத் தாண்டுவதில்லை. மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகள், பூண்டு மூட்டை ஏற்றிய குதிரைகள், வேலைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இதுவே வழி. மறுபடி எண்ண வேண்டும்."

மேலாளர் அதைப் படித்தார். நிதானமாகத்தான் படித்தார். "திரும்ப எண்ணவெல்லாம் டைம் இல்லை. நம்பர் மட்டும் போதும்" என்றார். அறிக்கை வந்தபோது குறிப்பைக் காணோம். 'இப்பாதையில் நடமாட்டம் இல்லை' என்று ஒரே வரி. அதற்கு அடுத்த பக்கத்தில் வரைபடம், பாதை இருந்த இடத்தில் வேலி, அடியில் என் கையெழுத்து. நான் எழுதிய தாளைக் கிழித்துப் போட மனசில்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைத்தேன்.

ஆடியில் வேலி வந்தது. பத்து நிமிஷ நடை முக்கால் மணி நேரமாயிற்று. கொண்டை ஊசி வளைவைச் சுற்றி, நடக்க இடம்கூட இல்லாத மலைரோட்டில் வந்துதான் பெரிய கேட்டுக்குள் நுழைய வேண்டும். நீ மேலாளரைப் பார்க்க வந்தாய். நானும் அறையில் இருந்தேன்.

"ஒரு ஆளு நொழையுற மாதிரி சின்ன கேட்டு வச்சாப் போதுங்க சார். எங்க ஊருப் பிள்ளைக அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுது."

"சர்வேயில் ஒருத்தர்கூட நடக்கலையே" என்று என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எண்ணினீங்க?"

"ஆமா சார்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்து, "விடுலே, உன் சோலி போயிரும்" என்றாய். அங்கேயே நாலு பேர் பார்க்க என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். நீ நல்லவனாக இருந்து தொலைத்தாய், அதற்காக உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

கார்த்திகையில் ஒரு காலை, கைக்கெட்டிய தூரம்கூடத் தெரியாத மூட்டம். வேலைக்கு வந்துகொண்டிருந்த உன்னை அந்த வளைவில் வளாகத்து ஊழியர்கள் வருகிற பஸ்ஸே அடித்துவிட்டது. நான் ஓடி வந்தபோது உன் சாப்பாட்டுத் தூக்கு மட்டும் நசுங்காமல் ரோட்டோரம் நின்றது. மேலாளர் காரிலிருந்து இறங்காமல் கண்ணாடியை இறக்கி, "லோக்கல் ஆள்தானே, ரோட்டுல எப்படி நடக்கணும்னு தெரியாதா?" என்றார். அந்த நிமிஷம்தான் தீர்மானித்தேன். வேலையை விட்டுப் போகக்கூடாது, இந்த ஆளின் பக்கத்திலேயே இருந்து இவன் விழுவதைப் பார்க்க வேண்டும் என்று. அவர் சொன்ன கோடெல்லாம் வரைந்தேன். அவர் சிரித்தபோதெல்லாம் சிரித்தேன்.

வளாகத்தை இரண்டு மடங்காக்க அனுமதி கேட்டிருந்தார்கள். போக்குவரத்து வசதியைப் பார்க்க மாவட்டத்திலிருந்து குழு வருவதாக, நாள் குறித்துக் கடிதம் வந்தது. அதுவும் வைகாசி. உன் வீட்டுக்காரியிடம் போய் குழு வருகிற அந்த நாளை மட்டும் சொன்னேன். திருவிழா நாள் குறிக்க ஊர் கூடியபோது அவள் எழுந்து, "இந்த வருசம் காப்ப அந்த வாரம் கட்டுங்க, எங்க வீட்டுக்காரருக்காக" என்றாளாம். ஊரும் அந்த வாரமே காப்புக் கட்டியது.

குழு வந்த அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும். கேன்டீனில் அடுப்புப் பற்றவைக்க ஆள் இல்லை. கூட்ட ஆள் இல்லை, தோட்டத்தில் ஆள் இல்லை, வேன் ஓட்டவும் ஆள் இல்லை. போன வைகாசியில் வளாகம் முழுசாகத் திறந்திருக்கவில்லை; பாதி வளாகம் உன் ஊரை நம்பித்தான் ஓடுகிறதென்று மேலாளருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். உள்ளூர் மக்களே எங்கள் பலம் என்று எழுதிவைத்த பலகைக்குக் கீழே, வந்த விருந்தாளிகளுக்கு ஒரு வாய் டீ இல்லாமல் வேர்த்து நின்றார். அந்தக் குளிரில் வேர்த்தது.

"எங்கே உங்கள் ஆட்கள்?" என்றார் குழுவின் தலைவியான அதிகாரியம்மா.

நான் முன்னால் போனேன். "ஊர்ல காப்புக் கட்டியிருக்காங்கம்மா. ஓடையைத் தாண்ட மாட்டாங்க. ஆனா எங்க அறிக்கைப்படி அந்தப் பக்கமிருந்து ஒருத்தரும் நடக்குறதே இல்லை." சொல்லிவிட்டு அலமாரித் தாளை நீட்டினேன்.

தாளையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் இரண்டு தரம் படித்தார். மேலாளர் முகம் வெளுத்ததைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "வரைபடத்தில் கையெழுத்து யாருடையது?" என்று கேட்டார். "என்னோடதுதாம்மா" என்றேன். அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

பழைய பாதையைத் திறக்காமல் விரிவாக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நீ கேட்ட சின்னக் கேட் வந்துவிட்டது, ஒரு ஆள் நுழைகிற அகலம். மேலாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வாரம் என்னையும் அனுப்பினார்கள். அத்தாவின் கடையில் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

கேட் திறந்த அன்று காலையில் ஓடைக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் போனார்கள், குதிரைகள் போயின. உன் வீட்டுக்காரி பூண்டுக் கூடையோடு வந்தாள். கும்பிடுவாள் என்று நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குத்தான் காத்திருந்தேன். கூடையை உன் பாறையில் இறக்கி வைத்தாள்.

"அண்ணே, வேலி போட்ட அன்னைக்கே அந்தக் காயிதம் ஒங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அவரு வளைவச் சுத்திப் போன அத்தன மாசமும்?"

தலையை மட்டும் ஆட்டினேன். வைவாள் என்று நின்றேன். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அந்தக் கேட் வழியாகப் போய்விட்டாள்.

மேலாளர் கதையை முடித்துவிட்டேன். ஓடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உன் கிழங்கைத் தின்றவன் மட்டும் இன்னும் தப்பித்துத் திரிகிறான். அவனையும் நான் விடப்போவதில்லை. நேற்று எடுத்த மெஷினை மறுபடி அவன் பையில்தான் போட்டிருக்கிறேன், பூஜ்யத்தோடு.