மந்திரித்த லப்டொப்பை அழித்தவள்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணைக்கு,

நீங்கள் போனபிறகு முதல் தவக்காலம் வந்துவிட்டது. டென்மார்க்கின் இந்த இக்காஸ்ட் ஊரில் இன்னும் குளிர் விடவில்லை. நான் நலம் என்று எழுதமாட்டேன். எரிச்சலில் இருக்கிறேன். அந்த எரிச்சலில் பாதி உங்கள் மேல்தான்.

உங்கள் பழைய லப்டொப் இப்போது இல்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, நம் தமிழ்ப் பூசைக் குழுவின் செயலாளர், உங்கள் அருமைச் சிநேகிதர், கோயில் அலுமாரியைத் துப்புரவாக்குகிறேன் என்று அதைக் கென்ப்ரூஸ்பிளாஸ் என்கிற நகரசபைக் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பழுதான மின்சாமான்கள் போடும் பெட்டிக்குள் எறிந்துவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஏன் எறிந்தீர்கள் என்று கேட்டதற்கு, “அது செத்த மெஷின் தங்கச்சி” என்றார். நீங்கள் இருந்தவரை அது நன்றாகத்தானே ஓடியது?

பிறகு புதிது ஒன்று வாங்கினார்கள். மாதப் பூசை முடிவில் அதைப் பீடத்துக்கு முன்னால் வைத்து ஃபாதரைக்கொண்டு மந்திரித்தார்கள். புது வீடு, புதுக் கார் எல்லாம் மந்திரிக்கிற ஆட்கள்தானே நாங்கள். ஃபாதர் சற்று யோசித்துவிட்டு மூடியின் மேல் தீர்த்தம் தெளித்தார். செயலாளர் பாய்ந்துபோய்க் கைலேஞ்சியால் துடைத்தார். சிரிக்க நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அன்றைக்கும் உங்கள்மேல் கோபம் வந்தது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுகிற பாட்டைப் பசாம் என்போம். எங்கள் குழுவில் அதை எடுத்துப் பாடியவர் நீங்கள். மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வோம். உடம்பு வருத்தம் முற்றியபின், போன கோடை முழுக்க வீட்டு நிலவறைக்குள் ஆர்மோனியத்தோடு அடைந்துகிடந்து அவ்வளவு பசாமையும் பதிந்துவைத்தீர்கள். நீங்கள் இல்லாத காலத்திலும் உங்கள் குரல்தான் முன்னால் போகும் என்று நான் நம்பியிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பதிவுகள் நீங்கள் தந்த தனி வன்தட்டில் என்னிடம் பத்திரமாக இருந்தன. புதிய லப்டொப் அவற்றைத் திறக்க மறுத்துவிட்டது. நீங்கள் பதிவுசெய்த மென்பொருள் பழைய இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடுமாம். ஊரெல்லாம் எதிலும் கேட்கக்கூடிய மாதிரிப் பாட்டை மாற்றி வைக்கிறார்கள். நீங்களும் ஒருதரம் அப்படி மாற்றிவைத்திருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

செயலாளரிடம் சொன்னேன்.

“பழசுகளை விடுங்கோ தங்கச்சி. இன்ரநெற்றிலை நல்ல பசாம் கிடக்கு. போட்டுவிட்டால் சனம் கேட்டுக்கொண்டு இருக்கும்.”

“சனம் கேட்கிறதுக்கோ கோயிலுக்கு வருது? பாடவெல்லோ வருது.”

“ஆர் எடுத்துப் பாடுறது? அண்ணையும் இல்லை. பொம்பிளையள் எடுத்து எங்களுக்குப் பழக்கமில்லை.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. சத்தம் சரியில்லை, பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி லப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கோயிலில் செயலாளர் தன் கணக்கில் திறந்து தந்திருந்தார். வீட்டில் மூடியைத் திறந்ததும் அது புது ஆளைக் கண்டதுபோல டெனிஷில் வணக்கம் சொன்னது. பிறகு என் மின்னஞ்சலைக் கேட்டது, தொலைபேசி இலக்கத்தைக் கேட்டது, முகத்தைக் காட்டச் சொன்னது. என் வீட்டு மேசையில் இருந்துகொண்டு என்னை யார் என்று கேட்க இது யார்? உங்களுக்கும் இதே கோபம்தான். புது லப்டொப் எது வாங்கினாலும் அன்றைக்கே உள்ளே இருக்கிற இயங்குதளத்தைத் துடைத்துவிட்டுப் பழையதைப் போடுவீர்கள். நானும் தேத்தண்ணி கொண்டுவந்த சாட்டில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய பதிப்பு இருக்கிற உங்கள் யூ.எஸ்.பி. ஸ்டிக், ஆர்மோனியப் பெட்டிக்குள் இருந்தது.

என்றாலும் பார்ப்பது வேறு, செய்வது வேறு. புதியதைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாத பூட்டு ஒன்றை லப்டொப்பின் அடியாழத்தில் போட்டிருக்கிறார்கள். மெஷின் விழிக்கும் கணத்தில் சரியான பொத்தானை அமத்தி, உள்ளே போய் அதைக் கழற்றவேண்டும். அமத்தப் பிந்தினேன். மறுபடியும் பிந்தினேன். என் மகள் கதவடியில் நின்று டெனிஷில், “மோர், லா நூ வேயா” என்றாள். விட்டுவிடுங்கோ அம்மா என்கிறாள். அந்தப் பழைய பதிப்புக்கு இப்போது பாதுகாப்பே இல்லையாம். வங்கி, அரசாங்கக் கடிதம் ஒன்றையும் இதில் திறக்கமாட்டேன், இணையமே கொடுக்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். இதில் பசாம் மட்டும்தான்.

கடைசியில் பூட்டுக் கழன்றது. இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் ஓம் சொன்னதில்லை. பழையது ஏறியபின் விரலால் தடவும் பலகை வேலைசெய்யவில்லை, எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு வந்து நின்றன. வயர் மௌஸ் ஒன்றைச் செருகி, லப்டொப்புக்கு வேண்டிய துணை மென்பொருள்களை மகளின் கணினியில் இறக்கிக் கொண்டுவந்து போட்டேன். திட்டிக்கொண்டேதான் எல்லாம் செய்தேன். யாரைத் திட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை லப்டொப்பை எடுத்துப்போகச் செயலாளர் வந்தார். திரையைப் பார்த்ததும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார்.

“ஃபாதர் மந்திரிச்சதையெல்லோ அழிச்சுப் போட்டியள்?”

“ஃபாதர் தீர்த்தம் தெளிச்சது மூடிக்கு மேலை. அதையும் நீங்கள்தான் துடைச்சனியள்.”

“உது பாவம். நான் ஃபாதரிட்டைச் சொல்லுவன்.”

“சொல்லுங்கோ. திரும்ப ஒருக்கால் வந்து தெளிக்கட்டும். அண்ணையின்ரை மெஷினைக் குப்பையிலை போட்டது என்ன எண்டும் கேட்டுக்கொண்டு வாங்கோ.”

அவர் வெறுங்கையோடு போனார். நான் கதவை அடித்துச் சாத்தினேன்.

பிறகுதான் உங்கள் பதிவைத் திறந்தேன். பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. முதலாவதை அமத்திவிட்டுக் கண்ணை மூடினேன். உங்கள் தொண்டைச் செருமல் வந்தது. பிறகு நீங்கள் பேசினீர்கள்.

“தங்கச்சி, இது உன்ரை சுருதி. நீ எடு.”

அவ்வளவுதான். அதன்பிறகு ஆர்மோனியம் மட்டும் ஓடியது, பாட்டு இல்லை. அடுத்ததைத் திறந்தேன், அதிலும் அதே செருமல், அதே சொல், வெறும் ஆர்மோனியம். எல்லாவற்றிலும் அப்படித்தான். நீங்கள் பாடுகிற கட்டையில் ஒன்றும் இல்லை. அவ்வளவையும் என் குரலுக்கு ஏற்றி வாசித்துவைத்திருக்கிறீர்கள்.

அண்ணை, உங்கள் பாட்டைக் கேட்கத்தானே நான் செயலாளரோடு சண்டை பிடித்தேன், மந்திரித்த மெஷினை அழித்தேன்? ஒரு பசாமையாவது பாடிவைத்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா? இத்தனை வருடம் உங்களுக்குப் பின்னால் நின்று பாடியவளை முன்னுக்குத் தள்ளிவிடுவதென்றால், உயிரோடு இருக்கும்போது, எல்லோருக்கும் முன்னால், வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? நான் அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன். மகள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை பசாம் நான்தான் எடுப்பேன். பதிவைப் போட்டுக்காட்டி ஃபாதரிடம் கேட்டுவிட்டேன், அவர் ஓம் என்றுவிட்டார். முன்னால் நீங்கள் பேசும் அந்தத் துண்டை வெட்டச் சொல்லிச் செயலாளர் ஆளனுப்பியிருக்கிறார். வெட்டமாட்டேன். கோயில் ஸ்பீக்கரில், முழுச் சத்தத்தில், முன்வரிசை வாங்கில் இருக்கிற அவருக்குக் கேட்கும்படி நீங்களே சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் நான் எடுக்கிறேன்.

உங்களோடு இன்னும் கோபம் ஆறாத,
தங்கச்சி