மாதம்மாளின் பதினேழு தடவை

அன்புள்ள அப்பாவுக்கு,

பெனிட்டா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் நலம், தருமபுரி வெயில்கூடப் பழகிவிட்டது.

நேற்று பாப்பிரெட்டிப்பட்டியில் முதியவர்களின் உடல்திறனைச் சோதிக்கும் முகாம் நடத்தினோம். எழுபத்தாறு வயது மாதம்மாளை மகன் மாதேஸ்வரன் கூட்டிவந்தார். போன மாதம் வரப்பில் தடுக்கி விழுந்ததிலிருந்து அம்மாவை அவர் காட்டுக்கே விடுவதில்லையாம் (இங்கே விளைநிலத்தைத்தான் காடு என்கிறார்கள்).

அசைவை அளக்கும் தீப்பெட்டி அளவுள்ள சென்சாரை பெல்ட்டோடு மாதம்மாளின் இடுப்பில் கட்டினேன். "கை ஊணாம நாற்காலியில உக்காந்து உக்காந்து எந்திரிங்க, ஆயா" என்றேன்.

"இதுக்காடா இவ்ளோ தூரம் கூட்டியாந்த?" என்று மகனைக் கேட்டுவிட்டுத் தொடங்கினார். முப்பது விநாடியில் பதினேழு தடவை! அந்த வயதில் பத்து வந்தாலே போதும். பிறகு நடந்தார். ஒவ்வொரு அடியும் என் மடிக்கணினித் திரையில் ஓர் அலையாக எழுந்தது. இடது எது, வலது எது என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒரே உயரம். அத்தனை வருடம் காட்டில் உழைத்த கால்களுக்குள் புகுந்து பார்த்ததுபோல் இருந்தது அப்பா. நிறுத்தும் பொத்தானை அழுத்தவே மறந்துவிட்டேன்.

"இனிமே விழ மாட்டாங்களாங்க?" என்றார் மகன்.

"அப்படி எந்த மிஷினும் சொல்லாதுங்க. ஆனா காலு நல்ல உறுதி. நடக்காம வெச்சிருந்தாத்தான் பலம் போயிடும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு என்கூட காட்டுக்கு வாம்மா" என்றார். மாதம்மாள் பெல்ட்டைக் கழற்றக்கூட நிற்காமல் வாசலுக்கு நடந்துவிட்டார். நான்தான் பின்னால் ஓடினேன்.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் கருவாட்டுப்பொடி அனுப்புங்கள். நீங்களும் மாலையில் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடற்கரையில் நடங்கள். அது காட்டும் அடிக்கணக்கைத் தினமும் எனக்கு அனுப்புங்கள். நூறு அடி என்றாலும் போதும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

முகாம் வண்டி ஹார்ன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
பெனிட்டா