வாறன் என்று சொன்னவனுக்கு

என் அன்பு மச்சான் நேசனுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். ஒரு முழுப் பந்தயப் பருவம், நீ இல்லாமல் தொடங்கி, நீ இல்லாமலே முடிந்துவிட்டது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஏலாது.

இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்றே தெரியாது. மெல்பேர்ன் தமிழருக்குக் கிரிக்கெட் தெரியும். சைக்கிள் பந்தயம் என்றால் தொலைக்காட்சியில் எப்போதாவது காட்டும் ஐரோப்பிய மலைகள் தெரியும். நம்முடையது அதற்கு ஒரு தட்டுக் கீழே. சம்பளத்துக்கு ஓடும் வீரர்கள்தான், ஆனால் காலையில் கோப்பிக் கடையில் நின்றுவிட்டுப் பிற்பகலில் பயிற்சிக்குப் போகிறவர்கள். நாட்டுப்புற ஊர் ஒன்றின் பிரதான வீதியில் தொடங்கி, மாட்டுப் பண்ணைகளைச் சுற்றி ஓடி, அதே வீதியில் முடிப்பார்கள். பார்க்க நிற்பவர்கள் வீரர்களின் பெற்றோரும் பாண் வாங்க வந்தவர்களும்தான்.

அப்படிப் பந்தயம் ஓடும் ஓர் அணிக்கு நீ மெக்கானிக். சைக்கிளில் காற்றுப் போனால் கழற்றி மாற்ற வேறு சில்லுகளோடு காரில் பின்னால் வருவாய். நான் முன்கூட்டியே போய் மலையேற்றத்தில் தண்ணீர்ப் போத்தல்களோடு நிற்பேன். எங்கே வேகம் பிடிப்பது, எங்கே காற்றுக்கு ஒதுங்குவது என்று திட்டம் போடுவதும் என் வேலை. இரண்டு பட்டம் வாங்கியவனுக்கு இந்த நாடு டண்டினொங்கில் ஒரு கிடங்கில் பெட்டி சரிபார்க்கும் வேலைதான் கொடுத்தது. என் மூளையை யாராவது மதித்தார்கள் என்றால் அது வார இறுதிகளில், அந்த அணியில்தான். உன்னை உள்ளே கொண்டுவந்ததும் நான்தான். அதை எத்தனை தரம் உனக்குச் சொல்லிக்காட்டினேன்?

மற்ற அணிகள் நம் ரேடியோவை ஒட்டுக்கேட்கும் என்பதால் நாமிருவரும் தமிழில் பேசினோம். "மச்சான், இவங்கள் இனித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேணும்" என்று நீ ரேடியோவிலேயே சிரிப்பாய். இந்த வருடம் பிரெண்டன் என்று ஒரு புது மெக்கானிக். நல்ல மனிதன், வேலை சுத்தம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவான். மலையில் நின்றால் ரேடியோ மணிக்கணக்காக இரைந்துகொண்டிருக்கும். முதல் இரண்டு பந்தயங்களில் என்னையறியாமல் தமிழில் ஏதோ சொல்லிவிட்டேன். "சொரி, என்ன சொன்னீர்கள்?" என்று அவன் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

பருவம் எப்படிப் போனது என்று கேட்பாய். கோடையில் வெயில் தாங்காமல் ஒரு பந்தயத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். கிப்ஸ்லாண்ட் பக்கம் மழை, ஒரே வளைவில் நம் ஆட்கள் மூன்று பேர் விழுந்தார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. நம் முதல் வீரன் டேனியல் ஒரு நாள் மூன்றாவதாக வந்தான். அதுதான் இந்த வருடத்தின் உச்சம். அந்தப் பின்னேரம் சின்ன மேடையில் அவன் நின்றபோது, கைதட்ட நம் பக்கம் நானும் பிரெண்டனும் மட்டும். உன் விசில் இல்லாமல் அது கைதட்டலாகவே கேட்கவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

போன பருவத்தின் கடைசிப் பந்தயம், மூன்று நாள் ஓட்டத்தின் மூன்றாம் நாள். டேனியல் மொத்த நேரத்தில் முன்னுக்கு நின்றான். அவன் ஜெயித்தால் அடுத்த வருடம் மேல்தட்டுப் பந்தயம் ஒன்றுக்கு அணிக்கு அழைப்பு வரும். அப்படித்தான் அணியின் முதலாளி சொல்லியிருந்தார். நான் மலை உச்சியில் நின்றேன். டேனியல் பின் சில்லில் காற்றுப் போய், தள்ளாடிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். நான் ரேடியோவில் உன்னைக் கூப்பிட்டேன். இரைச்சலுக்குள் உன் குரல் வந்தது. நடுவே சொற்கள் விழுங்கிப் போய், "ஏலாமல்" என்று ஒரு சொல். பிறகு "வாறன் மச்சான்."

எல்லா அணிக்கும் பொதுவாகச் சில்லுக் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் அந்த நேரம் எங்களருகில் வந்து நின்றது. நான் கையசைத்து அதைப் போகச் சொன்னேன். எங்கள் கார் வருகிறது என்றேன். நீ வரவில்லை. வீரர் கூட்டம் முழுவதும் எங்களைக் கடந்து போனது. டேனியல் வீதியோரப் புல்லில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தபடி நின்றான்.

தமிழரில் யாரும் வீட்டை விட்டு இறங்கும்போது போறன் என்று சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று குழந்தையிலேயே வாயில் அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன், சுருக்கமாக வாறன் என்றுதான் விடைபெறுவோம். வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கும் அதே வாறன்தான். மலையில் நின்ற எனக்கு எது தேவைப்பட்டதோ அதைத்தான் என் காது எடுத்துக்கொண்டது. அதுவரைக்கும் அது பிழை. பிழையை மன்னிக்கலாம்.

அடுத்த நாள் முதலாளியின் அலுவலகத்தில் நடந்தது பிழை அல்ல.

உன் ஆங்கிலம் ஸ்பானருக்கும் செயினுக்கும் போதும், விசாரணைக்குப் போதாது. அதனால் நான் மொழிபெயர்த்தேன். ஏன் வரவில்லை என்று முதலாளி கேட்டார். நீ என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாய்: "நெஞ்சுக்குள்ள ஏதோ இறுக்கினது மச்சான். ஏலாமல் கிடக்கு, நான் போட்டு வாறன் எண்டு உனக்குச் சொன்னனான். பண்ணை வாசல் ஒண்டில காரை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான். உனக்கு விளங்கேல்லையோ?"

எனக்கு விளங்கியது. உடம்புக்கு முடியாமல் நீ என்னிடம் விடைபெற்றிருக்கிறாய். அதோடு, மோட்டார் சைக்கிளைத் திருப்பி அனுப்பியது யார் என்ற கேள்வி அடுத்ததாக வரும் என்பதும் விளங்கியது. நான் முதலாளியிடம் ஒரே வரி சொன்னேன்: வருகிறேன் என்று எனக்குச் சொன்னதாக இவர் ஒத்துக்கொள்கிறார்.

அந்த ஒரு வரியை விளங்கிக்கொள்ள உன் ஆங்கிலம் போதும். நீ என்னைத் திருத்தவில்லை. உன் மனைவியின் தமையனை வெள்ளைக்காரன் முன்னால் பொய்யனாக்க உனக்கு மனம் வரவில்லையா? இல்லை, என்னிடம் பேசி என்ன பயன் என்று விட்டுவிட்டாயா? முதலாளி உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார். எழும்பிக் கதிரையை உள்ளே தள்ளிவிட்டு, "அப்ப நான் வாறன்" என்றாய். அதை யாருக்கும் நான் மொழிபெயர்க்கவில்லை.

நீயும் என் தங்கை மாலினியும் நோபல் பார்க் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு சிட்னிக்குப் போனீர்கள். பந்தயத்தை நடுவழியில் விட்டு ஓடினவன் என்று உன்னைப் பற்றி அணிக்காரர் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்மீது கோபமாக இருப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். கோபம் வசதியான பொருள், மச்சான். அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் வேறொன்றையும் தூக்கவேண்டியதில்லை.

நீ நெஞ்சு வருத்தத்தோடு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று கேள்விப்பட்டும் நான் வரவில்லை. மாலினி கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். என் சொந்தத் தங்கை, உன் இறுதிக்கிரியையின் நேரலை இணைப்பைக் குடும்ப வாட்ஸப்பில் எல்லாருக்கும் அனுப்பியதுபோல எனக்கும் அனுப்பினாள். தனியாக ஒரு சொல் இல்லை. அதற்கும் அவள்மீது கோபப்பட்டேன். ஏதோ ஒரு ஊரின் வாகனத் தரிப்பிடத்தில், போத்தல் பெட்டிகளுக்கு நடுவே இருந்து, உன்னைக் கைபேசியில் பார்த்தேன். பாதியில் பந்தயம் தொடங்கிவிட்டது.

அன்றைக்கு நான் உன் வாக்கியத்தை முழுதாக மொழிபெயர்த்திருந்தால், முதலாளி உன்னை நேரே வைத்தியரிடம் அனுப்பியிருப்பாரா? வைத்தியம் பார்க்க அந்த மாதங்கள் உனக்குக் கிடைத்திருக்குமா? இதற்கு எந்த வைத்தியரும் பதில் சொல்லமாட்டார். நானும் கேட்கத் துணியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்தயம். டேனியலுக்கு அதுவே கடைசி, இனி ஓடப்போவதில்லை. எல்லாரிடமும் விடைபெற்றுவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். கையைக் குலுக்கினான். "வாறன்" என்றான்.

எங்கே படித்தாய் என்று கேட்டேன். நேஸ் சொல்லிக்கொடுத்தது என்றான். ஒவ்வொரு பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் நீ அவனிடம் அப்படித்தான் சொல்வாயாம். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம், சரிதானே என்று கேட்டான். தமிழில் ஒரே ஒரு சொல் தெரிந்தவன் அதைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தான்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார் சைக்கிளை, அலுவலகத்தை, அந்த ஒற்றை வரியை. அவனுடைய நல்ல வருடத்தைக் கெடுத்தவன் நீ அல்ல, நான் என்று சொன்னேன். அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பையை இறக்கி வைத்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான். "நேஸின் மனைவிக்கு இது தெரியுமா?"

தெரியாது, மச்சான். ஒழுங்கான மனிதன் நீ, அவளிடமும் சொல்லாமல் போயிருக்கிறாய். சொல்லியிருந்தால் அவள் அந்த இணைப்பைக்கூட எனக்கு அனுப்பியிருக்கமாட்டாள்.

நேற்று முதலாளிக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். உன் வாக்கியத்தை முழுதாக, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கீழே என் முழுப் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த பருவத்தில் எனக்கு அங்கே இடமிருக்காது. இருக்கவும் கூடாது. அடுத்த சனிக்கிழமை சிட்னிக்குப் போகிறேன். மாலினி கதவைத் திறந்தால் உள்ளே போய்ச் சொல்வேன். திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்வேன். இது என் வாக்கு.

இந்தக் கடிதம் நம் ஆட்கள் வாசிக்கும் மாதப் பத்திரிகைக்கு. என் பெயரைப் போட்டால், நாலு பேர் போன் எடுத்து, "உனக்குப் பெரிய மனசு" என்று எனக்குச் சொல்வார்கள். அதைக் கேட்கும் தகுதி எனக்கில்லை. அந்தப் பக்கத்தில் உன் பெயர் மட்டும் இருக்கட்டும். கையெழுத்துப் போடாமலேதான் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

உன் மச்சான்