ஊதா நிறத்தில் எங்கள் தெரு

ஜூன் 3

எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

அம்மா வட்டாரத் திட்டமிடல் அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். இன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் கேட்டாள்: "போன வருஷம் கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட தெருவே சேர்ந்து என்ன சொன்னீங்க?"

அப்பா சிரித்தார். "வரி ஏத்த வந்திருக்காங்கன்னு நெனச்சேன். ஆள் இல்ல, சாமான் போட்டு வச்சிருக்கோம்னு சொல்லுங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேன். ஒருத்தர் விடாம அப்படியே சொன்னாங்களே!"

"அது வரிக் கணக்கு இல்லைங்க. எந்த நிலத்துல என்ன இருக்குன்னு எங்க ஆபீஸ் எடுத்தது. வீடுன்னா மஞ்சள், கிடங்குன்னா ஊதா. நம்ம தெருவுக்கு இன்னைக்கு என் கையாலயே ஊதா அடிச்சேன்."

ஜூன் 5

ஊதாவே முடிவானால் இங்கே இனி வீடு கட்ட அனுமதி கிடைக்காதாம். லாரிக்காகச் சாலையை அகலப்படுத்துவார்களாம். இப்போதைக்கு வரைவுதான், அலுவலகச் சுவரில் ஒட்டிய பிறகு ஒரு மாதம் ஆட்சேபம் சொல்லலாம். ஒட்டும்வரை அம்மா வெளியே சொல்லக் கூடாது. அப்பா என்னைப் பார்த்து, "நீயும் மூச்சு விடாத. தெருவுல என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க" என்றார்.

பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தையின் மகள்தான் என் உயிர்த்தோழி. "மாடியில ரூம் கட்டப்போறோம்டி, எனக்கே எனக்கு!" என்று பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் குதித்தாள்.

ஜூன் 20

ஒட்டிவிட்டார்கள். அந்தச் சுவரை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள் அம்மா.

"நாளைக்குச் சொல்றேன்."

ஜூலை 2

இன்றும் நாளைக்குத்தான்.

ஜூலை 8

சொல்லிவிட்டேன். தோழியிடம் மட்டும்தான் — ஐயோ, ஏன் சொன்னேன்?

சாயங்காலம் வாசலில் கூட்டம். எதிர்வீட்டு மெக்கானிக் மாமா கத்தினார்: "உன் பேச்சக் கேட்டு என் பொண்டாட்டி பிள்ளைங்கள சாமானாக்கிட்டேனேய்யா!" யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "தெரிஞ்சும் மூடி மறைச்சீங்களே," என்று மட்டும் சொன்னாள். தோழி என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 17

எல்லோரும் போய் ஆட்சேபம் கொடுத்தார்கள். அதிகாரி, வீடு வீடாக வந்து பார்த்தால்தான் மாற்ற முடியும், கூட நடக்க ஓர் ஆள் வேண்டும் என்றாராம். "இவரையே கூட்டிட்டுப் போங்க சார். வீடு வீடாப் போய் இவருக்குத்தான் பழக்கம்," என்றாராம் மெக்கானிக் மாமா.

ஜூலை 26

பள்ளி விடுமுறை. அதிகாரிக்கும் அப்பாவுக்கும் பின்னாலேயே நானும் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் அப்பாவே பேசினார். மெக்கானிக் மாமா உள்ளே கூப்பிட்டுச் சமையலறை வரை காட்டினார். அப்பாவிடம் முகம் கொடுக்கவில்லை.

அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம். அப்பா தட்டினார். சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை.

அதிகாரி பேனாவோடு நின்றார்.

அப்பா படியிலிருந்தே அவரிடம் சொன்னார்: "வீடுதான் சார். நாலு பேர் இருக்காங்க. பெரியவ என் பொண்ணோட படிக்கிறா."

அவர் எழுதிக்கொண்டார்.