கையுறை விரல்

என் மைராவுக்கு,

நீ கொடுத்தனுப்பிய காட்டுக்கோழிகளை விமானக்காரர் கொண்டுவந்து தந்தார். நெஞ்சுக்கறியில் ஒரு கீறல்கூட இல்லை, எல்லாக் குண்டும் தலையில்தான். சமைக்கும் முன் தெருவுக்கே காட்டிவிட்டேன். அங்கே காட்டில் ஆறு நன்றாக உறைந்துவிட்டதா? நாய்கள் ஒழுங்காகப் பனிச்சறுக்கு வண்டி இழுக்கின்றனவா?

துப்பாக்கிக் கடைக்காரன் கிளாரன்ஸ் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் உன் கதையைத்தான் சொல்கிறான். கண்ணியில் சிக்கிய மிருகத்தின் தோலைக் கெடுக்காத சின்னக் குண்டு ரிவால்வர் வாங்கப் போனோமே, அந்தக் கதை. நான் பளபளப்பான குட்டித் துப்பாக்கி ஒன்றை எடுத்து நீட்டினேன். நீயோ தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாய்.

"ஏம்மா, கடைக்குள்ளகூடவா குளிருது?" என்று அவன் கேட்டான்.

"கண்ணிகிட்ட நிக்கிறப்ப நீயா வந்து கையுறையைக் கழட்டி விடப்போற?" என்றாய்.

குட்டியின் விசை வளையத்துக்குள் உன் விரல் நுழையவில்லை. மூலையில் சாயம் போய்க் கிடந்த பழையதில் கையுறையோடு தாராளமாக நுழைந்தது. "இதைக் கொடு" என்றாய். விலையைக்கூடக் கேட்கவில்லை.

இத்தனை வருஷம் கண்ணி வைத்த எனக்கு அது தோன்றவே இல்லை. போன குளிர்காலத்தில் நான் கையுறையைக் கழற்றித்தான் சுட்டேன். அன்று கடையில் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளிரில் விரல்களை இழந்த என் வலக்கைப் பக்கம் திரும்பவும் இல்லை.

எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே. இடக்கை இப்போதுதான் பழகுகிறது.

உன் வீட்டுக்காரன்